கட்டியை எடுக்க ரோபோ வரும், ரத்தக்குழாயைத் தைக்கப்போவது யார்?

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 46. வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். போன மாதம் இடது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஒரே மார்பில் தள்ளித் தள்ளி இரண்டு இடங்களில் கட்டி இருப்பதால் முழு மார்பகத்தையும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அக்குள் பக்கம் சின்னதாகக் கீறி, ரோபோ மூலம் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, மேல்தோலையும் காம்பையும் அப்படியே விட்டு, என் வயிற்றுச் சதையை வைத்தே மார்பகம் செய்யலாம் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொன்னார்கள். எனக்கு இரண்டு சிசேரியன் ஆகியிருக்கிறது, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆகிவிட்டது. வயிற்றில் மறுபடி கத்தி வைக்கலாமா? ரோபோ தானாகவே செய்யுமா? புது மார்பகத்துக்குள் நோய் திரும்பி வந்தால் வெளியே தெரியாமல் போய்விடுமா? "உயிர் தப்பினால் போதாதா, பேரன் பேத்தி எடுக்கப்போகிற வயசில் இதெல்லாம் எதுக்கு" என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் எதுவும் சொல்வதில்லை. எத்தனை நாளில் மெஷினில் உட்காரலாம்? (ச., கரூர் மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியார் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அதை மனதில் போட்டுக் குழப்பிக்கொண்டு மற்றதைப் படித்தால் ஒன்றும் ஏறாது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், பயத்தில் சொல்லியிருப்பார். அவர் இளவயதில் இந்த நோய் வந்தால் ஆள் மிஞ்சுவதே பெரிய விஷயமாக இருந்தது. ஆனால் உயிரா மார்பகமா என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லை. நோய்க்கான சிகிச்சை குறைவில்லாமல் நடக்கும். மார்பகத்தைத் திரும்ப அமைப்பது அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி. குளித்துவிட்டு ரவிக்கை போடும்போது ஒரு பக்கம் வெறுமையாக இருப்பதை 46 வயதில் தாங்கிக்கொள்ளலாம், 26 வயதில்தான் தாங்க முடியாது என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் எழுதியில்லை. அறுபதைத் தாண்டிய அம்மாக்களும் இதைக் கேட்டு வருகிறார்கள். அவர்களிடம் நான் காரணம் கேட்பதில்லை. எதுவும் வேண்டாம், தட்டையாகவே இருக்கட்டும் என்று சொல்லி, பிராவுக்குள் வைத்துக்கொள்ளும் சிலிகான் மார்பகத்தோடு நிம்மதியாக இருப்பவர்களும் நிறையப் பேர். எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரரை அடுத்த முறை டாக்டர் அறைக்கு உள்ளேயே கூட்டிக்கொண்டு போங்கள். வெளியே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். பல ஆண்கள் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து படத்தைப் பார்த்ததும் அவர்களே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சரி, நோய்க்கு வருவோம். கட்டி ஒன்றே ஒன்றாக, சிறிதாக இருந்தால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கலாம். முழு மார்பகத்தை எடுப்பது போலவே அதுவும் உயிரைக் காக்கும். மிலானில் உம்பெர்த்தோ வெரோனேசி குழுவும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் குழுவும் தனித்தனியாக இருபது ஆண்டுகள் நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்து 2002-ல் இதை உறுதிசெய்தார்கள். இதைப் படிக்கிற மற்ற பெண்கள், முழுதாக எடுக்கத்தான் வேண்டுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். உங்களுக்கு இரண்டு கட்டிகள் விலகி இருக்கின்றன. அதனால் முழுதாக எடுக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

காம்பை விட்டுவைக்கலாமா என்பது அடுத்தது. கட்டி காம்புக்கு அடியிலேயே இருந்தாலோ, காம்பில் ரத்தக்கசிவு, புண் இருந்தாலோ, தோல் சிவந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி தடித்திருந்தாலோ அதை விட்டுவைக்கக் கூடாது. அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், அறுவையின்போது காம்புக்கு நேர் கீழே இருக்கும் திசுவில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதில் நோய் தெரிந்தால் காம்பும் போக வேண்டியதுதான். மார்பகம் மிகப் பெரிதாகவோ நன்றாகத் தொங்கியோ இருந்தால், காம்பு வரைக்கும் ரத்தம் போய்ச் சேராமல் கறுத்துப்போகும் அபாயமும் கூடுதல். ஆகவே "காம்பை நிச்சயம் காப்பாற்றிவிடுவோம்" என்று யாராவது முன்கூட்டியே வாக்குக் கொடுத்தால் கொஞ்சம் யோசியுங்கள். "முயற்சி செய்வோம்" என்று சொல்கிறவர்தான் உங்களுக்கு வேண்டிய டாக்டர்.

இப்போது ரோபோ. அது தானாக ஒன்றும் செய்யாது. அறுவை நிபுணர் அதே அறையில் ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து, பெரிதாக்கிக் காட்டும் முப்பரிமாணத் திரையில் பார்த்துக்கொண்டே விரல்களை அசைப்பார். அந்த அசைவை மெல்லிய கருவிகள் உள்ளே அப்படியே செய்யும். உங்கள் மெஷினுக்கு மோட்டார் மாட்டினாலும் துணியைத் திருப்புவது உங்கள் கைதானே, அதுபோலத்தான். அக்குளுக்குக் கீழே, கையைத் தொங்கவிட்டால் மறைந்துபோகிற இடத்தில் ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீறல் போடுவார்கள். தோலுக்கும் மார்பகத் திசுவுக்கும் நடுவில் கரியமில வாயுவைச் செலுத்திக் கூடாரம் மாதிரி தூக்கி நிறுத்துவார்கள். அந்த இடைவெளியில் வேலை நடக்கும். மார்பகத்தின் முன்பக்கத்தில் தழும்பே இருக்காது என்பதுதான் இதன் பெரிய லாபம். மிலானில் அந்தோனியோ தோஸ்கா குழுவினர் முதலில் செய்து காட்டினார்கள். பிறகு பிரான்ஸ், தைவான், தென்கொரியாவில் நன்றாக வளர்ந்தது.

அழகில் பெண்களுக்குத் திருப்தி இருக்கிறது என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. நோய் திரும்பாமல் காப்பதில் பழைய முறைக்கு இது சமம் என்று சொல்வதற்குத்தான் நீண்ட காலக் கணக்கு வேண்டும். 2019 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மார்பகம் அகற்ற ரோபோவைப் பயன்படுத்துவதன் பாதுகாப்பும் பலனும் இன்னும் நிலைநாட்டப்படவில்லை என்று நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் எச்சரிக்கை விட்டது. பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நோய் திரும்புகிறதா என்பதைப் பத்து, பதினைந்து வருடம் பார்த்துத்தான் சொல்ல முடியும். இது அந்த வயதுக்கு இன்னும் வளராத முறை. தோலையும் காம்பையும் காக்கும் இதே அறுவையை ரோபோ இல்லாமல், மார்பகத்தின் அடிமடிப்பில் கீறிப் பல வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறோம். அந்தத் தழும்பும் மடிப்பில் மறைந்துவிடும். ரோபோ இல்லாவிட்டால் உங்களுக்கு ஏதோ குறைந்த சிகிச்சை கிடைக்கிறது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் மார்பகம் நன்றாக அமையுமா என்பதைத் தீர்மானிப்பது ரோபோவுக்குப் பிறகு நடக்கிற வேலைதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடிவயிற்றில், தொப்புளுக்குக் கீழே கையால் பிடித்தால் வருகிற தோலும் கொழுப்பும்தான் புது மார்பகத்துக்கு மூலப்பொருள். முன்பெல்லாம் வயிற்றுத் தசையையும் சேர்த்து எடுத்து, அடியிலேயே சுரங்கம் போட்டு மேலே கொண்டுவருவார்கள். 1982-ல் கார்ல் ஹார்ட்ராம்ஃப் சொன்ன வழி அது. மார்பகம் நன்றாக வரும், வயிறு பலவீனமாகிவிடும், சிலருக்குக் குடலிறக்கம் வரும். பிறகு, தசையை விட்டுவிட்டுத் தோலையும் கொழுப்பையும் அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாயையும் மட்டும் எடுக்க முடியும் என்று ஜப்பானில் கோஷிமா 1989-ல் காட்டினார். 1992-ல் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் ஆலன் அதை மார்பகத்துக்குச் செய்தார். இன்று டாக்டர்கள் "டீப் ஃபிளாப்" என்று சொல்வது இதைத்தான். உங்களுக்குச் சொன்னதும் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். தசையோடு எடுக்கப் போகிறார்களா, தசையை விட்டுவிட்டா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அந்தக் குழாய் வயிற்றுத் தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வருகிறது. தசை நார்களை வெட்டாமல் விலக்கி விலக்கி, குழாயைக் கீழே தொடை மடிப்பு வரை பின்தொடர்ந்து போக வேண்டும். பாவாடை நாடாவைத் துணி கிழியாமல் உருவி எடுப்பது போல, ஆனால் நாடாவின் இரு பக்கமும் சின்னச் சின்னக் கிளைகள் இருக்கும், ஒவ்வொன்றையும் கட்டிக் கட்டி முன்னேற வேண்டும். கடைசியில் குழாயைத் துண்டித்து, சதையை மேலே கொண்டுபோய், மார்பில் இருக்கும் ஒரு குழாயோடு சேர்த்துத் தைக்கிறோம். குழாயின் அகலம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். தைக்கிற நூல் தலைமுடியைவிட மெல்லியது. மைக்ரோஸ்கோப் இல்லாமல் அந்த ஊசியைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டம். ஒரு சுற்றுக்கு எட்டு, பத்துத் தையல். ஒரு தையல் எதிர்ச் சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் குழாய் அடைத்துவிடும். ரவிக்கைக் கை தைக்கும்போது அடித்துணி சேர்ந்து மாட்டிக்கொள்ளுமே, அதே தப்புதான். இங்கே அதைப் பிரித்துத் தைக்க நேரம் அதிகம் கிடைக்காது.

தைத்து முடித்து, ரத்தம் வராமல் குழாயைப் பிடித்திருந்த கிளிப்பை எடுக்கிற அந்த நிமிடத்தில் அறையில் யாரும் பேச மாட்டோம். வெளிறிப்போய்க் குளிர்ந்து கிடக்கிற சதையில், ஓரத்தில் மெதுவாகச் சிவப்பு ஏறும். விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்து, ஒன்றிரண்டு நொடியில் நிறம் திரும்பும். வெட்டிய விளிம்பில் பளிச்சென்று சிவப்பு ரத்தம் துளிர்க்கும். எத்தனை வருடம் செய்தாலும் அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராகிறது.

இந்தக் கை வேலைக்கு நம் ஊரில் ஆள் இல்லை என்று நினைக்க வேண்டாம். துண்டான விரலையும் கையையும் ஒட்டவைக்கும் நுண் அறுவையில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கும் கோவை கங்கா மருத்துவமனைக்கும் நீண்ட அனுபவம் உண்டு. அதே திறமைதான் மார்பகத்துக்கும் வேண்டும். கரூரிலிருந்து கோவையும் திருச்சியும் எட்டிப்போகிற தூரம்தான். எங்கே போனாலும் நுண் அறுவை செய்கிற பிளாஸ்டிக் சர்ஜன் அங்கே முழுநேரமாக இருக்கிறாரா என்று கேளுங்கள்.

ரோபோவும் வயிற்றுச் சதையும் சேரும்போது ஒரு சிக்கல் வருகிறது. இதை உங்களுக்கு யாரும் விளக்கியிருப்பார்களா என்று தெரியவில்லை, கடிதத்தில் இல்லை. வழக்கமாக நாங்கள் சதையின் குழாயை இணைப்பது நெஞ்செலும்பின் ஓரத்தில், விலா எலும்பின் குருத்துக்கு அடியில் ஓடும் குழாயோடு. அது நல்ல ரத்த ஓட்டம் உள்ள, நம்பகமான குழாய். ஆனால் அக்குளில் போட்ட சின்னக் கீறல் வழியாகப் பார்த்தால் நெஞ்செலும்பு எங்கோ தூரத்தில் இருக்கிறது. மைக்ரோஸ்கோப்பின் வெளிச்சம் அங்கே எட்டாது, கையும் எட்டாது. ஆகவே சர்ஜன் ஏதாவது ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்குளிலேயே இருக்கும், முதுகுத் தசைக்குப் போகிற குழாயோடு இணைக்கலாம். அல்லது முன்பக்கம் இன்னொரு சின்னக் கீறல் போட்டு நெஞ்செலும்பு ஓரக் குழாயை எடுக்கலாம். அல்லது முதல் கீறலையே கொஞ்சம் பெரிதாக்கலாம். அக்குள் குழாயோடு இணைத்தால், சதை வெளிப்பக்கமாகச் சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்க வேண்டி வந்தால் அந்தக் குழாய்களும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. "குழாயை எங்கே இணைக்கப் போகிறீர்கள், அதற்கு இன்னொரு கீறல் வேண்டுமா" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குத் தயங்காமல் படம் வரைந்து விளக்குகிற டாக்டர், இதை முன்பே செய்தவர் என்று நம்பலாம்.

வயிற்றுக்குப் பதிலாக முதுகுத் தசையை எடுக்கும் வழியும் இருக்கிறது. இத்தாலியில் தன்சினி நூறு வருடத்துக்கு முன்பே செய்தது. தசையின் குழாய் அக்குளிலிருந்தே வருவதால் துண்டிக்கவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம், அப்படியே முன்பக்கம் சுழற்றிவிடலாம். ரோபோ வைத்து அதே அக்குள் கீறல் வழியாகவே முதுகுத் தசையை எடுப்பதும் நடக்கிறது, முதுகில் நீளத் தழும்பு விழாது. சிறிய, நடுத்தர மார்பகத்துக்கு இது நல்ல வழி. பெரிதாக இருந்தால் தசை மட்டும் போதாது, கூடவே இம்ப்ளான்ட்டோ (உள்ளே வைத்துத் தைக்கும் சிலிகான் பை) கொழுப்பு ஊசியோ வேண்டியிருக்கும். அன்றாட வேலைகளைப் பெரும்பாலோர் சிரமமில்லாமல் செய்கிறார்கள். கையை ஊன்றி எழுவது, உயரத்திலிருந்து இழுப்பது போன்றவற்றில் கொஞ்சம் பலம் குறைவது தெரியும். கையை நம்பிப் பிழைக்கிற உங்களுக்கு, வயிறு பொருத்தமாக இருக்கும் பட்சத்தில், வயிற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பொருத்தமா என்பதுதான் சிசேரியன் கேள்வி. தழும்பு கீழே, குறுக்காக இருந்தால் கவலை வேண்டாம். அதைத் தாண்டித்தான் நாங்கள் எடுப்போம், பெரும்பாலும் அந்தத் தழும்பே எடுக்கிற பகுதிக்குள் வந்துவிடும். தொப்புளுக்குக் கீழே நெடுக்காகத் தழும்பு இருந்தால் விஷயம் வேறு. நடுத் தழும்பைத் தாண்டி ரத்தம் அந்தப் பக்கம் போகாது. ஒரு பக்கத்துச் சதையை மட்டுமே நம்ப முடியும், அல்லது இரண்டு பக்கக் குழாய்களையும் இணைக்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனின் சின்னத் தழும்பு பொதுவாக ஒரு தடையே இல்லை. எதுவாக இருந்தாலும் சிடி ஆஞ்சியோகிராம் எடுத்து, எந்தக் குழாய் எங்கே தசையைத் துளைத்து வருகிறது என்று வரைபடம் போல் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவோம். வயிற்றில் இருந்து ஒரு முறைதான் எடுக்க முடியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அறுவை ஆறிலிருந்து எட்டு மணி நேரம் பிடிக்கும், சில நேரம் அதற்கு மேலும். சேர்த்த குழாயில் ரத்தம் உறைந்து அடைக்கும் ஆபத்து முதல் இரண்டு நாளில்தான் அதிகம். பழக்கப்பட்ட கைகளில், சதை முழுதாகக் கெட்டுப்போவது நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு நடக்கிறது. அடைப்பைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றிவிடலாம், தாமதித்தால் முடியாது. அதனால் முதல் இரவில் ஏறக்குறைய மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து டார்ச் அடித்து நிறம் பார்ப்பார், புறங்கையால் சூடு பார்ப்பார், பேனா போன்ற டாப்ளர் கருவியை வைத்துக் குழாயில் ரத்தம் ஓடும் சத்தம் கேட்பார். புஸ்... புஸ்... என்று நாடியோடு சேர்ந்து வரும் அந்தச் சத்தம் உங்களுக்கும் கேட்கும். உங்களுக்குத் தோல் முழுவதும் காக்கப்படுவதால் வயிற்றுச் சதை உள்ளே மறைந்திருக்கும், வெளியிலிருந்து நிறம் பார்க்க முடியாது. அதற்காகக் கீறல் ஓரத்தில் வயிற்றுத் தோலில் சின்னதாக ஒரு ஜன்னல் விட்டுவைப்பார்கள், அல்லது குழாயைச் சுற்றி உள்ளேயே ஒரு டாப்ளர் கம்பியை வைப்பார்கள். இரவு இரண்டு மணிக்குச் சத்தம் நின்றுபோனால் யார் வருவார், எத்தனை நேரத்தில் தியேட்டர் தயாராகும்? ரோபோ இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். ரோபோ இருந்து இந்த ஏற்பாடு இல்லாத இடத்தைவிட, இந்த ஏற்பாடு இருந்து ரோபோ இல்லாத இடத்துக்குத்தான் என் சொந்தத் தங்கையை அனுப்புவேன்.

குளிர்ந்தால் குழாய் சுருங்கும் என்பதால் அறையில் ஏசியைக் குறைத்து, போர்த்திப் படுக்க வைப்பார்கள். புழுக்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காபி, டீயைச் சில நாள் நிறுத்தச் சொல்கிற டாக்டர்களும் உண்டு. வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடிப்பவராக இருந்தால் அறுவைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே உங்கள் பக்கத்தில் பிடிக்கக் கூடாது. புகை, புதுக் குழாய்க்கு விஷம். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் தேதி குறிக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஹார்மோன் தடுப்பு மாத்திரையான தமாக்ஸிஃபென் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் சர்ஜனிடம் சொல்லுங்கள். அது ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும், நுண் அறுவைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு நிறுத்தச் சொல்வது வழக்கம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கதிர்வீச்சு பற்றி உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் அதையும் கேட்டுவிட வேண்டும். அக்குள் நெறிக்கட்டியில் நோய் பரவியிருந்தால் மார்பகத்தை எடுத்த பிறகும் கதிர்வீச்சு தேவைப்படலாம். சிலிகான் இம்ப்ளான்ட் வைத்திருந்தால் அதைச் சுற்றி இறுகிப்போய் வலிக்கும் வாய்ப்பு இதனால் நிறையவே கூடும். சொந்தச் சதை அதைவிட நன்றாகத் தாங்கும், என்றாலும் சுருங்கலாம், கெட்டியாகலாம். கதிர்வீச்சு கட்டாயம் என்று முன்பே தெரிந்தால், முதலில் மார்பகத்தை எடுத்து, எல்லாச் சிகிச்சையும் முடிந்து ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து வயிற்றுச் சதையைக் கொண்டுவருவதும் நல்ல திட்டம்தான். எத்தனை வருடம் கழித்தும் செய்யலாம். தள்ளிப்போட்டால் காக்கப்பட்ட தோல் பெரும்பாலும் மிஞ்சாது, வயிற்றுத் தோலையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டியிருக்கும், தழும்பு முன்னால் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நோய் திரும்பினால் மறைந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வயிற்றுச் சதையில் மார்பகத் திசு கிடையாது. மார்பகப் புற்றுநோய் அதில் புதிதாக உருவாகாது. திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் விட்டுவைத்த தோலிலோ அதை ஒட்டியோ, மார்புச் சுவரிலோ, அக்குளிலோ வரும், கைக்குத் தட்டுப்படும். மறுசீரமைப்பு செய்ததால் கண்டுபிடிப்பது தாமதமாகி உயிருக்குக் கேடு வந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. சில மாதம் கழித்துப் புது மார்பகத்தில் கல் மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டால் பதறாதீர்கள். ரத்தம் சரியாகக் கிடைக்காத கொழுப்பு அப்படி இறுகும். ஆனால் அதுவாகத்தான் இருக்கும் என்று நீங்களே முடிவுகட்டாமல் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வலது மார்பகத்துக்கு வருடா வருடம் மேமோகிராம் எப்போதும்போல் வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பார்க்க மார்பகம் போலவே இருக்கும், தொட்டால் வெதுவெதுப்பாக, மெத்தென்று இருக்கும், உடம்பு பருத்தால் அதுவும் பருக்கும். ஆனால் உணர்ச்சி பழையபடி இருக்காது. காம்பு இடத்தில் இருந்தாலும் அநேகமாக மரத்துத்தான் இருக்கும். அடிவயிற்றிலும் பல மாதம் மரமரப்பு இருக்கும். நம் வீடுகளில் வலி என்றால் உடனே வெந்நீர் ஒத்தடம். புது மார்பகத்திலும் வயிற்றிலும் ஒத்தடமோ சுடுநீர்ப் பையோ வைக்கவே கூடாது. சூடு தெரியாது, தோல் வெந்து கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். மாமியாரிடம் இதை முக்கியமாகச் சொல்லிவையுங்கள், பாசத்தில் வைத்துவிடுவார். இன்னொன்று, ஒரே அறுவையோடு எல்லாம் முடியும் என்று நினைக்க வேண்டாம். மூன்று, ஆறு மாதம் கழித்து அளவு சரிசெய்ய, பள்ளம் நிரப்ப, அந்த ஜன்னல் தோலை எடுக்க ஒரு சின்ன அறுவை பலருக்கும் தேவைப்படுகிறது.

செலவு. பல மருத்துவமனைகளில் ரோபோவுக்குத் தனியாகக் கட்டணம் சேரும், எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால், "அழகுக்கான அறுவை, பணம் தர முடியாது" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் வகுத்த விதிப்படி, புற்றுநோய்க்குப் பிறகான மறுசீரமைப்பு அந்த விலக்குக்குள் வராது. ரோபோ அறுவையையும் அடியோடு மறுக்கக் கூடாது என்று அதே வருடம் சொன்னார்கள். ஆனால் அதற்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு, உங்கள் பாலிசியில் எவ்வளவு என்று பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருந்தால், அகற்றும் அறுவைக்கு மட்டுமா, மறுசீரமைப்புக்கும் சேர்த்தா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், மெஷின். வயிற்றை இழுத்துத் தைத்திருப்பதால் முதல் ஒன்றிரண்டு வாரம் கூனிக்கொண்டுதான் நடப்பீர்கள், படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டும். வீட்டில் குந்தி உட்காரும் கழிவறை மட்டும் இருந்தால் நாற்காலி போன்ற ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துவையுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் தண்ணீர்க் குடம், மாவு வாளி, துணி மூட்டை எதையும் தூக்கக் கூடாது. வயிற்றுக்கு பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியை டாக்டர் சொன்ன நாளிலிருந்து விடாமல் செய்யுங்கள், இல்லாவிட்டால் தோள் இறுகிவிடும். கொக்கி வைப்பது, ஓரம் தைப்பது போன்ற கைத்தையலை மூன்றாவது வாரத்தில் சாய்ந்து உட்கார்ந்து ஆரம்பிக்கலாம். மோட்டார் மெஷின் ஆறு வாரம் கழித்து, அரை மணி அரை மணியாக. காலால் மிதிக்கும் மெஷினாக இருந்தால் எட்டு வாரமாவது பொறுங்கள். முகூர்த்த மாத ஆர்டர்களை இப்போதே வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துவிடுவது நல்லது.

உங்களுக்கென்று புது ரவிக்கை மூன்று மாதம் வரை வெட்டாதீர்கள். வீக்கம் வடிந்து வடிவம் நிலைக்கும் வரை எடுக்கிற அளவு எல்லாம் வீணாகும். அதற்குப் பதிலாக, அட்மிஷனுக்கு முன்னால் உங்களுக்கே மூன்று நைட்டி தைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பருத்தியில், முன்பக்கம் முழுதும் திறக்கிற மாதிரி, ஜிப் வேண்டாம், பட்டன் போதும். மார்பிலும் வயிற்றிலும் வடிகுழாய்கள் இருக்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சின்னக் குப்பி தொங்கும், ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை அதோடுதான் நடமாட வேண்டும். குப்பியை ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டு பலரும் படுகிற அவஸ்தையைப் பார்த்திருக்கிறேன். நைட்டியின் உட்பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குப் பை வைத்துத் தைத்துவிடுங்கள். இடது கைக்கு அக்குளில் ஓர் அங்குலம் தாராளமாக விடுங்கள்.